உன் கையில் இருந்த என் பேச்சு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். காலையில் ஜங்ஷனுக்கு வந்து உன்னையும் கலியபெருமாளையும் கஸ்தூரியையும் ரயிலேற்றிவிட்டுத் திரும்பியதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, அதைக்கூட கவனிக்கவில்லை. உன் அப்பா மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை எடை போடக் கிளம்பும்போது, "மவன் சென்னைக்குப் போனதுக்கா மூஞ்ச இப்படித் தூக்கி வச்சிருக்க? ஞாயித்துக்கெழம வந்துடப் போறான்" என்றார். மகன் போனதற்கில்லை. மகனோடு போனவளை நினைத்துத்தான். எனக்குப் பொறாமை, தம்பி. ஐம்பது வயதைத் தாண்டியவள் வெட்கமில்லாமல் இதை எழுதுகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள். வயிறு எரிகிறது. எரிவதை எரிகிறது என்றுதானே சொல்ல வேண்டும்.

நீ அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாய். அவள் பையை வாங்கி மேலே வைத்தாய். "கஸ்தூரிம்மா, காத்து மூஞ்சில அடிச்சா சொல்லுங்க, சன்னல எறக்கிடறேன்" என்றாய். என்னை நீ, வா, போ என்பவன், அவளுக்கு மட்டும் அத்தனை ங்க போடுகிறாய். மற்ற நாளாக இருந்தால் அதில் எனக்குப் பெருமைதான், பெற்றவளிடம் என்ன மரியாதை வேண்டியிருக்கிறது என்று. இன்றைக்கு அதுவும் உறுத்தியது. எனக்கு "வரேம்மா" என்று ஒரு சொல். அவளுக்கு ரயில் பெட்டி நிறையப் பேச்சு. போதாததற்கு அவள் கட்டியிருந்தது என்னுடைய பச்சைப் பட்டு. பெரிய டாக்டர்கள் கூடுகிற இடத்தில் எழுந்து நின்று பேசப் போகிறாள், நல்ல புடவை இல்லை என்று நேற்று சாயங்காலம் கேட்டு வந்தாள், கொடுத்தேன். கொடுத்தவள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் என் புடவையும் என் பிள்ளையும் ஒரே வண்டியில் இன்னொருத்தியோடு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்குத்தான் மனசு வரும். வண்டி நகர்ந்தபோது அவள் எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அவளை உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். நாங்கள் இரண்டு பேரும் எப்படி இருந்தோம் என்பது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பீங்கான் கம்பெனியில் நாங்கள் எதிரெதிரே குந்தி வேலை செய்தவர்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். முதலில் பல வருஷம் அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஜாடியையும் கப்பையும் கத்தியால் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. தூசி எல்லாம் அங்கேதான். சாயங்காலம் மாவு மில்லில் விழுந்து புரண்டவர்கள் போல வீட்டுக்கு வருவோம். பிறகு சூளையிலிருந்து இறக்கிய சரக்கைத் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு இரண்டு பேரையும் மாற்றினார்கள். அது பெரிய வித்தையொன்றும் இல்லை. சாமானை ஒரு கையில் எடுத்து மறு கை விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்ல சரக்கு. மேலே புள்ளியோ கறையோ இருந்தால் செகண்ட்ஸ். சத்தம் செத்து வந்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, உடைசல் குவியலில் போட்டுவிட வேண்டும். நான் நல்லது என்று ஒதுக்கிய ஜாடியை அவள் எட்டி எடுப்பாள். இன்னொரு தட்டு தட்டுவாள். ஒன்றும் பேசாமல் உடைசலில் வைப்பாள். சில நேரம் அவளும் தப்பாக வைப்பாள், ஆனால் அது குறைவு. எனக்கு அவளிடம் ஆகாதது அதுதான், சண்டை போடக்கூட இடம் தரமாட்டாள்.

நீ முதன்முதல் காலேஜுக்குப் போன அன்று பஸ் ஸ்டாண்டுக்கு அவளும் வந்திருந்தாள், உனக்கு நினைவிருக்கும். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தலைக்கு எண்ணெய் வை, கண்டதைத் தின்னாதே, பெட்டியைப் பூட்டு, வெள்ளிக்கிழமை விபூதி வை, கண்டவனோடு சேராதே. நீ எல்லாவற்றுக்கும் சரிம்மா சரிம்மா என்றாய். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் அவள் கிட்டே வந்து, "பயமா இருக்குதா, தம்பி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். நீ "ஆமா கஸ்தூரிம்மா" என்றாய். உன் கண் கலங்கிவிட்டது. சுமந்து பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், எனக்குத் தெரியாத பயம் அவளுக்குத் தெரிகிறது. அன்றைக்குப் பிடித்த காய்ச்சல்தான் இது, இன்னும் இறங்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவளுக்கு இரண்டும் பெண், இரண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். அதனால் என் பிள்ளையை வளர்க்க வந்துவிட்டாள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "அவ என்னாத்த வளத்தா, ஒரு வார்த்த கேட்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என் வயிற்றெரிச்சல் என்று அவருக்கு எங்கே புரியப் போகிறது.

பிறகு நீ மேல்படிப்புக்குப் போய், ஆராய்ச்சி என்று நம் ஊருக்கே திரும்பி வந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பீங்கான் வேலை பார்த்து மூச்சுக் கோளாறு வந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், வீட்டில் அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வேலை நின்றபின் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுவது உன் வேலை. கூட மேரி, உன்னோடு படிக்கிற பெண். நீ என்னிடமும் வந்து உட்காருவாய், டேப்ரிக்கார்டரை வைத்து "சொல்லும்மா" என்பாய் என்று நான் காத்திருந்தேன். நீ வந்து உட்காரத்தான் செய்தாய். "அம்மா, ஒன்ன நான் கேக்கக் கூடாது. மவன் கேட்டா மவனுக்குச் சொல்ற மாதிரிதான் சொல்லுவ. மேரி வந்து கேப்பா. எழுதும்போது யார் பேரும் இருக்காது, நீ சொன்னது எதுன்னு எனக்கே தெரியாது" என்றாய். நியாயம்தான். மேரியும் தங்கமான பெண். சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டே பேசியதைப் பொறுமையாகக் கேட்டாள். ஊரில் யார் வேண்டுமானாலும் உன்னிடம் பேசலாம், நான் மட்டும் உன் சிநேகிதியிடம் பேச வேண்டும். என்ன சொன்னேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். பேசியதையெல்லாம் எழுதி, வரி வரியாகத் துண்டு போட்டு, அதை நீயும் மேரியும் மட்டும் வைத்துக்கொண்டு இது இன்னது, அது இன்னது என்று முடிவு கட்டக் கூடாது என்றாய். பேசினவர்களையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்களையே பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், நோவு பட்டவர்களுக்குத்தான் நோவின் பேச்சு புரியும் என்பது உன் கட்சி. உன் புரொபசர் கூட முதலில் தயங்கினார் என்றும் நீ விடாப்பிடியாக நின்றாய் என்றும் சொன்னாய். நான் நினைத்துக்கொண்டேன், என் பிள்ளை என்னை உள்ளே கொண்டுவரத்தான் இத்தனை பாடுபடுகிறான் என்று. எஸ்டேட் பக்கத்து சர்ச்சில் ஓர் அறை வாங்கினீர்கள். சூளையில் சாமான் அடுக்கிய கலியபெருமாளைக் கூப்பிட்டாய். கஸ்தூரியைக் கூப்பிட்டாய். இன்னும் நாலைந்து பேர். நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். "நீ ஒக்காந்தா மத்தவங்க வாய் தெறக்க மாட்டாங்கம்மா. என் அம்மான்னு என்னப் பத்தி நல்லதாவே சொல்லுவாங்க" என்றாய். அதுவும் நியாயம். உன்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான் ஆகாது.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே கிடையாது. கஸ்தூரிம்மா இன்றைக்கு இப்படிச் சொன்னாங்க, கஸ்தூரிம்மா அதை வேற மாதிரி பார்க்கிறாங்க. அவள் தும்மினாலும் எழுதி வைக்கிறாய். நான் குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால் "ம்" என்கிறாய். இன்றைக்கு வைத்தது ரசம் என்பதுகூட உனக்குத் தெரிந்திருக்காது. ஒருநாள் ஆத்திரத்தில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் அவள் பேரில் பிராது கட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். களவு போனவர்களும் ஏமாந்தவர்களும் சீட்டு எழுதி முருகனிடம் கட்டிவிட்டு வருவார்கள், நானும் கட்டுவேன். என்னவென்று எழுதுவது? என் மகன் பேசுவதை இவள் காது கொடுத்துக் கேட்கிறாள், விசாரித்து நீதி வழங்கவும் என்றா? சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும். அதனால் சுண்டல் செய்து எடுத்துக்கொண்டு உன் கூட்டத்துக்கு வந்தேன். அதைத் தின்றுவிட்டு ரொம்ப நன்றிம்மா என்று என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாய். நான் போகவில்லை. வராந்தாவில் பாத்திரத்துக்காகக் காத்திருப்பது போல உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வாரமும் வந்தேன்.

அந்த அடுத்த வாரம்தான் அந்தக் கூத்து. துண்டுகளைத் தரையில் பரப்பி, "ஒரே மாதிரி இருக்கறதையெல்லாம் ஒண்ணா சேத்து வையிங்க" என்று சொல்லிவிட்டு, நீயும் மேரியும் இன்னும் சில பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனீர்கள். கரண்ட் போய் கடையில் மாட்டிக்கொண்டீர்கள். திரும்பி வந்தபோது தரையில் சுத்தமாக மூன்று குவியல். நீ சந்தோஷமாக, எது எதைச் சேர்த்திருக்கிறீங்க என்று கேட்டாய். கலியபெருமாள், "இது நல்லது தம்பி, இது செகண்ட்ஸு, இது ஒடசலு" என்றார். உன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஒரு முழு நாளின் வேலை போச்சு. பயத்தைப் பற்றிச் சொன்னது, ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னது, வீட்டாரைப் பற்றிச் சொன்னது என்று அவர்கள் பிரிப்பார்கள் என்று நீ எதிர்பார்த்தாய். அவர்கள் ஆயுசு முழுக்கச் செய்த வேலையைச் செய்துவிட்டார்கள். பேச்சைத் தட்டிப் பார்த்து, கணீரென்றது, கறைபட்டது, விண்டது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

"யார் சொன்னதையும் பொய்யின்னு நாம சொல்லக் கூடாதுங்க. அவங்கவங்களுக்கு அது நெசந்தான்" என்று நீ கெஞ்சினாய். "பொய்யின்னு யாரு சொன்னா? சத்தம் வரலன்னுதான் சொல்றோம்" என்றாள் கஸ்தூரி. உடைசலில் கிடந்த ஒன்றை மேரி எடுத்துப் படித்தாள். தனக்கு மூச்சு முட்டியபோது புருஷன் சைக்கிளில் வைத்துச் சேத்தியாத்தோப்பு ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான் என்று ஒரு பெண் சொன்னது. "எந்த ஆம்பள அப்படித் தள்ளுவான், எங்கள யாரும் தள்ளலயே" என்று கஸ்தூரி சிரித்தாள். மேரி மெதுவாக, "நெசம்தாங்க. அந்த அண்ணன நான் பாத்திருக்கேன். இப்பவும் தள்ளிட்டுத்தான் போறாரு" என்றாள். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். வராந்தாவில் எனக்கு இளநீர் குடித்த மாதிரி குளிர்ந்தது. அப்படித்தான் வேண்டும், இவளுக்கும் காது தப்பும் என்று மனதுக்குள் கைதட்டினேன். ஆனால் நீ அவளைத் திட்டவில்லை, தம்பி. குவியலைக் கலைக்கவும் இல்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சரி, ஒடசலுன்னு போட்டது ஒவ்வொண்ணையும் எதுக்குப் போட்டீங்கன்னு சொல்லுங்க. அதுக்கப்பறம் மறுபடி பிரிப்போம்" என்றாய். எனக்கு மறுபடியும் எரிய ஆரம்பித்தது.

நீ ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாய். ஐந்தாறு போனபின் ஒன்றை எடுத்தாய். "எனக்கு ஒண்ணும் இல்ல. வயசானா மாடி ஏறும்போது எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும். வூட்ல நல்லா பாத்துக்கறாங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல." படித்துவிட்டு, "இது ஏன் இங்க கெடக்குது? நல்லாத்தானே சொல்லியிருக்காங்க" என்றாய். இன்னொரு தரம் படித்தாய். "இவங்க வீட்டுல கவனிப்பு நல்லா இருக்குது போல. இந்த மாதிரி நமக்குக் கம்மியாத்தான் கெடச்சிருக்குது, மேரி" என்று சொல்லி அதை எடுத்து நல்லதில் வைத்தாய். கஸ்தூரி கை நீட்டி அதை எடுத்தாள். "இல்ல தம்பி. இது விண்டு போயிருக்குது" என்று திரும்பவும் உடைசலில் வைத்தாள். "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாய். "கேட்டா கேக்குது. யாரோ ஒருத்தி வூட்டு ஆளுங்க காதுல வுழக் கூடாதுன்னு சொல்லியிருக்கா" என்றாள். நீ குறித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாய்.

அது நான், செந்தில். நான் மேரியிடம் சொன்னது. உன் அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழக்கூடாது என்று கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தாய். இருபத்தைந்து வருஷம் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வளர்ந்தவன் நீ. ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று இந்த வீட்டில் என்னைத் தவிர யார் சொல்கிறார்கள்? அவளுக்குக் கேட்டது. உனக்குக் கேட்கவில்லை. சுண்டல் பாத்திரத்தை வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பாத்திரத்தை மறந்துட்டு வந்துட்டியே என்று நீதான் ராத்திரி எடுத்து வந்தாய், உடம்புக்கு முடியலையா என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். சரி என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டாய்.

நேற்று சாயங்காலம் அவள் புடவைக்கு வந்தாள் இல்லையா, அப்போது கேட்டுவிட்டேன். பீரோவிலிருந்து புடவையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கொடுக்காமல் கேட்டேன். "அது என்னுதுன்னு ஒனக்குத் தெரியுமா?" அவள் எது என்று கேட்கவில்லை. "ஒன் எதிர்ல குந்திக்கிட்டு எத்தினி வருசம் ஒன் பேச்சக் கேட்டிருக்கேன், தெரியாமயா?" என்றாள். "அப்ப ஏன் அவங்கிட்ட சொல்லல?" என்றேன். "யார் பேச்சுன்னு தெரிஞ்சாலும் வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லாரும் கைமேல அடிச்சிக் குடுத்திருக்கோம். ஒன் மவந்தான் அந்தச் சட்டம் போட்டான். அவனுக்கே அதக் கெடுத்துச் சொல்லவா?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "எக்ஸ்ரே எடுத்துடுக்கா. நான் வேணா கூட வரேன். இதுக்கு ஜாக்கெட்டு இருக்குதா?" என்றாள். ஜாக்கெட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவள் போனபிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவள் கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

உன் சட்டம் அவளைத்தான் கட்டும், என்னைக் கட்டாது. என் பேச்சு என்னுடையது, நானே சொல்கிறேன். எனக்கு மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குவதில்லை. குனிந்து கோலம் போட்டால் வாங்குகிறது. ஜங்ஷன் மேம்பாலத்தில் இன்று காலை நடுவில் நின்று கூட்ஸ் வண்டியை வேடிக்கை பார்த்தேனே, "என்னம்மா சின்னப் புள்ள மாதிரி, நேரமாச்சு" என்று நீ சிரித்தாய். வேடிக்கை பார்க்கவில்லை. நிமிர்ந்து படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறேன், கழுத்து வலி என்று உன் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வீட்டில் இருக்கும்போது இருமல் வந்தால் மிக்ஸியைப் போட்டுவிட்டு இருமுகிறேன். எப்பப் பாத்தாலும் இந்த வூட்ல மிக்ஸி ஓடுது என்று நீ அலுத்துக்கொண்டாய். வெறும் ஜாரைத்தான் ஓட்டினேன்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நல்லூரிலிருந்து உனக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா இருமுகிறாள் என்று தெரிந்தால் டிபி வீடு என்பார்கள், இது வேறு, தூசியால் வருவது என்று நீ எத்தனை விளக்கினாலும் ஊர் வாய்க்கு எல்லா இருமலும் ஒன்றுதான். அது ஒரு காரணம், பொய் இல்லை. ஆனால் முழுக் காரணம் அது இல்லை. நீயாகக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கம்பெனியில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தபோது, "நீயும் வந்து எடுத்துக்கம்மா" என்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய். நான் வேலையை விட்டு வருஷமாகிறது, எனக்கு எதற்கு என்றேன். நீ போய்விட்டாய். கலியபெருமாள் வரமாட்டேன் என்றபோது மட்டும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, கூட்டிக்கொண்டுதான் எழுந்தாய். ஊரார் வாசலில் உட்காருகிறவன் என் வாசலிலும் ஒருநாள் வந்து உட்காருவான் என்று நான் வீம்பாக இருந்துவிட்டேன்.

நீ செய்கிற வேலை நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெத்தப் படித்தவர்கள் கூடும் இடத்துக்கு சூளைக்காரரையும் ஜாடி சுரண்டுகிறவளையும் உடன் அழைத்துக்கொண்டு போகிற பிள்ளையைப் பெற்றவள் நான், அந்தப் பெருமை எனக்கு இல்லாமலா போகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், உன் ஆராய்ச்சிக்கு ஆனாலும் சரி, நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறவளுக்கு ஆனாலும் சரி. எனக்கு ஒன்றுமில்லை என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொள்ளாதே. அவள் யார் காதுக்குப் பயந்து அதைச் சொல்கிறாள் என்று பார். யார் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள் என்று பார். கேட்டுவிட்டு உடனே எழுந்து போகாதே. கொஞ்ச நேரம் சும்மா இரு. அதை எனக்குச் செய்யத் தெரியாது, உனக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும், அவள் பெயரை இங்கே நான் எழுத மாட்டேன். நல்லூர்க்காரர்களிடமும் மறைக்க வேண்டாம். மாமியாருக்கு மூச்சுக் கோளாறு என்று தெரிந்தும் வருகிற பெண் வரட்டும்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் டிவி மேல் வைக்கிறேன். உன் அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும், இனி எத்தனை பேரிடம் ஒளிப்பது. திங்கட்கிழமை காலை பெரியாஸ்பத்திரிக்கு வருகிறேன், எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறேன். கஸ்தூரி துணைக்கு வருகிறேன் என்று நிற்பாள். வேண்டாம் என்று நீ சொல்லிவிடு, நான் சொன்னால் மனசு வருத்தப்படுவாள். மேரியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். நீ மட்டும் வா. டாக்டர் என்னை உட்காரவைத்து, எப்போதிலிருந்து, எப்படி இருக்கிறது, சொல்லுங்க என்பார். அப்போது, பெற்ற மகன் கேட்கக் கூடாது என்று சட்டம் பேசி வெளியே போய் நிற்காதே. இங்கே எழுதினது பாதிதான். மீதியைக் கஸ்தூரி கூடக் கேட்டதில்லை. நீதான் முதலில் கேட்க வேண்டும்.

அம்மா